நாற்பத்தேழு வரும் சத்தம்

காரில் பின்சீட் கிடையாது என்பதை என் கணவர் கல்யாணத்துக்கு முன்னால் என்னிடம் சொல்லவில்லை. "மாப்பிள்ளைக்குச் சொந்தக் கார் இருக்கு" என்று மட்டும்தான் தரகர் சொன்னார். 1984-ல், கிண்டியில் ஒரு கம்பெனியில் படம் வரைகிற டிராஃப்ட்ஸ்மேனுக்குச் சொந்தக் கார் என்றால் சும்மாவா? என் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தாம்பரத்தில் இருந்த அத்தனை சொந்தக்காரர்களுக்கும் சொல்லிவிட்டாள்.

கல்யாணம் முடிந்து சர்ச் வாசலில் மாலையும் கழுத்துமாக வந்து கார் கதவைத் திறந்து பார்த்தால், முன்னால் இரண்டு ஒற்றை சீட்டு. பின்னால் வெறும் தகரம். குறுக்கே ஓர் இரும்புக் குழாய். துணைக்கு வரவேண்டிய என் சித்தி, "எங்க உக்கார்றது தம்பி?" என்று கேட்டாள். "அந்தக் குழாயைக் கெட்டியா பிடிச்சுக்குங்க சித்தி, ஒண்ணும் ஆகாது" என்றார் மாப்பிள்ளை. பீர்க்கன்கரணையில் இவர் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் சித்தியின் கொண்டை அவிழ்ந்து, வாங்கிக் கட்டியிருந்த பட்டுப் புடவையெல்லாம் கிரீஸ். இன்றுவரை அவள் எங்கள் வீட்டுக்கு பஸ்ஸில்தான் வருகிறாள்.

அது ஒரு பியட். ஆனால் ஊரில் ஓடுகிற பியட் இல்லை. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் வருஷா வருஷம் நடக்கும் ரேஸில் ஓடிய வண்டி. குரோம்பேட்டையில் ஒரு தோல் வியாபாரியின் மகன் அதை ஓட்டிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் ஜெபராஜ் அவனுக்குச் சிநேகிதர். ரேஸ் நடக்கும் நாளில் லீவு போட்டுவிட்டுப் போய், பாதையோரம் வெயிலில் நின்று, எத்தனை சுற்று பாக்கி என்று பலகையில் எழுதிக் காட்டுவார். சம்பளம் கிடையாது, சாப்பாடு கிடையாது, தொப்பிகூடக் கிடையாது. ஒருநாள் அந்தப் பையனின் அப்பா, "இனிமே ரேஸுன்னு போனா வீட்டுப் படி ஏறாதே" என்று சொல்லிவிட்டார். "எங்கப்பா கண்ணுல படாம இதை யாராவது எடுத்துக்கிட்டுப் போங்கப்பா" என்று பையன் அழுதான். இவர் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கொடுக்கவேண்டியதைக் கொடுத்துத்தான். ஆனால் கொண்டுவந்தது விற்பதற்கோ, மூடி வைப்பதற்கோ இல்லை. தினம் ஆபீசுக்குப் போக.

இரண்டு கதவிலும் வெள்ளை வட்டத்துக்குள் கறுப்பாக 47 என்று பெரிய நம்பர். "இதையாவது அழிச்சுத் தொலைங்களேன்" என்றேன், வந்த புதிதில். "ஹில்டா, அதுதான் அதோட பேரு" என்றார். அதற்கு மேல் என்ன பேச? பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களுக்கெல்லாம் எங்களைக் கண்டால் கொண்டாட்டம். "இன்னா சார், நாப்பத்தேழு மவுண்ட் ரோடு போவுமா?" என்று ஒருவன் கையைக் காட்டுவான். "லேடீஸ் ஸ்பெஷல்டா, ஏறாத" என்று இன்னொருவன். நான் முகத்தை முந்தானையால் மறைத்துக்கொள்வேன். இவர் நிறுத்தி, யாராவது ஒருவரை நிஜமாகவே ஏற்றிக்கொள்வார். அந்த ஆள் பின்னால் குழாயைப் பிடித்துக்கொண்டு தாம்பரம் வரை தொங்குவான். அடுத்த நாள் அவன் ஏறமாட்டான்.

காரைப் பற்றிச் சொன்னால்தான் இவரைப் பற்றிச் சொன்ன மாதிரி. இரண்டு கார்புரேட்டர். ஸ்பிரிங் எல்லாம் இறுக்கி, தரையோடு தரையாக இறக்கிய உடம்பு. சாலையில் ஒரு புளியங்கொட்டை கிடந்தால்கூட என் முதுகுத்தண்டுக்குத் தெரிந்துவிடும். கிளட்ச் மிதிப்பது அம்மிக்கல்லை நகர்த்துகிற வேலை. சைலன்சர் என்று ஒன்று இருந்தது. அது எதையும் அடக்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை. இவ்வளவு சத்தம் போடுகிற வண்டிக்குச் சொந்தக்காரர் யார் என்றால், ஊரிலேயே குரல் எழும்பாத மனிதர். சட்டைப் பையில் இரண்டு பென்சில். வீட்டுக்குள் நடந்தால் காலடி கேட்காது. கோபம் வந்தால் பென்சிலைச் சீவுவார், அவ்வளவுதான். நான் பல்லாவரத்தில் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். ஐம்பது பெண்களை அடக்கிய குரல். எங்கள் வீட்டில் சண்டை நடந்தால் நான் ஒருத்தி மட்டும் சண்டை போடுவது போலத்தான் தெருவுக்குக் கேட்கும்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் நாற்பதைத் தாண்டமாட்டார். சைக்கிள்காரனுக்கு வழிவிடுவார், எருமைக்கு வழிவிடுவார். "ரேஸ் காரை வாங்கி மாட்டு வண்டி மாதிரி ஓட்டுறதுக்கு மாட்டையே வாங்கியிருக்கலாமே" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டார். ஆனால் அந்த இஞ்சினுக்கு மெதுவாகப் போவது ஆகாது. பிளக்கில் கரி பிடித்துவிடும். சிக்னலில் நின்றால் செருமும், காலை எடுத்தால் பின்னாலிருந்து வெடிக்கும். தினம் காலையில் ஐந்து நிமிஷம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டுச் சூடாக்க வேண்டும். சனிக்கிழமை விடிந்ததும் வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகிற காலிச் சாலைக்குக் கொண்டுபோய், கரியெல்லாம் எரிகிற மாதிரி ஒரு விரட்டு விரட்டிக்கொண்டு வருவார்.

ஒரே ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். கல்யாணமாகி மூன்று மாதம் இருக்கும். அப்போது கட்டிக்கொண்டிருந்த மிருகக்காட்சிசாலையைத் தாண்டியதும் "பயந்துக்காதே" என்றார். அவ்வளவுதான், என் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. மரங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. நான் கத்திய கத்தலில் "கர்த்தாவே" என்பதைத் தவிர வேறு வார்த்தை இருந்ததாக நினைவில்லை. திரும்பிப் பார்த்தால் இவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அப்படி ஒரு சிரிப்பு இந்த மனிதருக்குள் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பொய் எதற்கு, எனக்கு அவர்மேல் பிரியம் வந்தது அந்தச் சாலையில்தான்.

அடுத்த வீட்டில் அபிதகுஜாம்பாள் மாமி. கணவர் ரயில்வேயில் இருந்து காலமானவர், பிள்ளைகள் பம்பாயில். எங்கள் சுவரும் மாமி வீட்டுச் சுவரும் ஒன்று. அந்தச் சுவரில் மாமி ஒரு பலகை அடித்து, எவர்சில்வர் டம்ளர்களை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருப்பாள். சாயங்காலம் ஆறரைக்கு இவர் கார் தெருமுனை திரும்பும்போதே அத்தனை டம்ளரும் கிணுகிணுவென்று ஆட ஆரம்பிக்கும். "ஏண்டி ஹில்டா, உன் ஆத்துக்காரர் வந்துட்டார். என் டம்ளரெல்லாம் பேசறது பாரு" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுப்பாள். நான் உலை வைப்பேன். எங்கள் வீட்டில் கடிகாரம் நின்றுபோனாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

1985-ல் பியூலா பிறந்தாள். நான் பள்ளிக்குப் போகும் நேரத்தில் மாமிதான் பார்த்துக்கொண்டாள். தவழ ஆரம்பித்ததிலிருந்தே பியூலாவுக்கு முன்னறை ஜன்னல்தான் இடம். அதன் அகலமான கட்டையில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் இவர் கார் வந்தால் போதும், எங்களுக்கெல்லாம் முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். விளையாட்டுச் சாமானைப் போட்டுவிட்டு, குடுகுடுவென்று இறங்கி, கேட்டுக்கு ஓடுவாள். அதற்கப்புறம்தான் டம்ளர் ஆடும். "என்ன காதுடி இது, பாம்புக் காது!" என்று மாமி திருஷ்டி கழிப்பாள். எனக்குப் பெருமை தாங்காது. வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வேன்.

இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. மாமி வசம்பு உரசி நாக்கில் தடவினாள். "சொன்ன பேச்சு கேக்கறதே இல்லைடி, ஒரே அடம்" என்பாள். நான் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். இவ்வளவு குரல் இருக்கிற நான், ஒரு குழந்தையிடம் தோற்றுப்போவதா என்று எனக்கு ஆத்திரம் வரும். ஓங்கி ஓர் அடிகூட வைத்திருக்கிறேன். தாம்பரத்தில் டாக்டரிடம் காட்டினோம். அவர் தொண்டையைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். "காது நல்லா கேக்குதாம்மா?" என்று கேட்டார்.

"காதா? அவங்க அப்பா கார் தெருமுனையில வர்றப்பவே கேட்டுக்கு ஓடுறா டாக்டர். எங்களுக்கே கேக்காது, அவளுக்குக் கேக்கும்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

டாக்டரும் சிரித்தார். "அப்ப பயமில்லை. சில குழந்தைங்க லேட்டாத்தான் பேசும்" என்று அனுப்பிவிட்டார். ஒரு வருஷம். என் வாயால் நானே ஒரு வருஷத்தைத் தொலைத்தேன்.

1988 பிப்ரவரியில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் சபையில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று போதகர் சபை நடுவில் கேட்பார். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அன்றைக்கு ஐசக் என்று ஒரு பையனுக்கு மூன்றாம் ஓலை. பெண் வீட்டார் முன்வரிசையில் பட்டு கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். பியூலாவுக்குச் சளி என்று சீக்கிரம் கிளம்ப, இவர் முன்னாலேயே வெளியே போய் வண்டியைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். போதகர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "இவர்கள் விவாகத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் இப்பொழுதே தெரிவிக்க வேண்டும்" என்று நிறுத்தினார்.

டமார்!

ஜன்னலில் இருந்த புறா எல்லாம் பறந்தது. பெண்ணின் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் பாடகர் குழுவில் யாரோ 'களுக்' என்றார்கள். அவ்வளவுதான், சபையே சிரித்தது. ஐசக்கும் சிரித்தான். பெண் வீட்டார் மட்டும் சிரிக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் போதகர் எங்களைக் கூப்பிட்டார். "ஜெபராஜ் தம்பி, கார் வச்சிருக்கறது தப்பில்ல. ஆனா அது ஆலயத்துல வாயைத் திறக்கக்கூடாது" என்றார், ரொம்ப மரியாதையாக.

எனக்கு மானம் போய்விட்டது. வீடு வரும் வரை பேசவில்லை. வீட்டுக்கு வந்தபின் நிறுத்தவில்லை. "ஒண்ணு அந்தச் சத்தம் இந்த வீட்டுல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டேன். இவர் ஒரு பென்சிலை அடிவரை சீவினார். மறுநாள் காரைக் குரோம்பேட்டை ரத்தினத்திடம் கொண்டுபோனார்.

ரத்தினம் அந்த வண்டியை ரேஸ் காலத்திலிருந்து பார்த்துவரும் மெக்கானிக். "இன்னா சார், புலி மாரி கீற வண்டிய பூனைக்குட்டி ஆக்கச் சொல்றியே, மனசு எப்டி சார் வந்துச்சு?" என்று கேட்டானாம். பஞ்சு அடைத்த நீளமான புது சைலன்சர் ஒன்றை மாட்டி, கார்புரேட்டரைக் குறைத்துக் கொடுத்திருக்கிறான்.

அன்றைக்குச் சாயங்காலம் கார் வந்தது எனக்கே தெரியவில்லை. கேட் திறக்கிற சத்தம் கேட்டுத்தான் எட்டிப் பார்த்தேன். அப்பாடா என்று இருந்தது. பியூலா ஜன்னல் கட்டையில் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு மரப்பாச்சிக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். இவர் வாசலில் நின்று, "செல்லம்" என்றார். அவள் திரும்பவில்லை. "அப்பா மேல கோபம் போலருக்கு" என்று இவர் போய்த் தூக்கியதும், தூக்கிவாரிப்போட்டு அழுதாள்.

இரண்டாம் நாளும் அப்படித்தான். ஹாரன் அடித்துப் பார்த்தார். ஓடி வரவில்லை. "கார் மாறிப்போச்சுன்னு நினைக்கிறா, பழகிடும்" என்றேன் நான்.

மூன்றாம் நாள் ஏழு மணி. சுவருக்கு அந்தப் பக்கம் மாமி குரல் கொடுத்தாள். "ஏண்டி ஹில்டா, இன்னும் வரலையா அவர்? என் டம்ளரெல்லாம் பேசவே இல்லையே?"

"வந்து அரை மணி ஆச்சு மாமி" என்று சொல்ல வாயெடுத்தேன். கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. மாமியின் டம்ளர்களுக்குக் காது கிடையாது. ஆனால் கார் வருவது அவற்றுக்குத் தெரியும்.

முன்னறைக்குப் போனேன். பியூலா ஜன்னலில் இருந்தாள், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அவளுக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு தாம்பாளத்தை எடுத்து மோதினேன். இவர் உள்ளேயிருந்து ஓடி வந்தார். மாமி பின்வாசல் வழியாக ஓடி வந்தாள். பியூலா மட்டும் ஏரிப்பக்கம் பறந்துபோகிற கொக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவர் வெளியே போய், காரடியில் படுத்து, சுடச்சுட இருந்த அந்தப் புது சைலன்சரை ஸ்பேனர் போட்டுக் கழற்றினார். கை வெந்தது. ஸ்டார்ட் பண்ணினார். தெருவே அதிர்ந்தது. நான் பியூலாவின் கையையும் ஜன்னல் கம்பியையும் சேர்த்துப் பிடித்திருந்தேன். கம்பி நடுங்கியது. அவள் முகம் மலர்ந்தது. என் கையை உதறிவிட்டு, கட்டையிலிருந்து இறங்கி, கேட்டுக்கு ஓடினாள். இவர் இஞ்சினை நிறுத்தாமல் ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகைகூட வரவில்லை.

பிறவியிலேயே கேட்கவில்லை என்று பட்டணத்தில் காது டாக்டர் சொன்னார். "முன்னாடியே தெரியலையா?" என்றார். நான் இவரைப் பார்த்தேன், இவர் தரையைப் பார்த்தார். காரைக் குற்றம் சொல்லலாம் என்று எனக்கு ஒரு வேகம் வந்தது. நாலு நாள் சொல்லவும் செய்தேன். "உங்க காரு ஊரை ஏமாத்துச்சு, டாக்டரை ஏமாத்துச்சு, என்னை ஏமாத்துச்சு!" இவர் பென்சில் எடுக்கவில்லை. மெதுவாகச் சொன்னார், "அது அவகிட்ட மட்டும் உண்மையா பேசியிருக்கு ஹில்டா." அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

போதகரிடம் நானே போனேன். "ஐயா, அந்தக் கார் இனிமே சத்தம் போடத்தான் போகுது. ஆலயத்துக்கு வேணும்னா நாங்க நடந்து வர்றோம்" என்று சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நடக்க வேண்டாம்மா. மைதானத்து மூலையில நிறுத்துங்க" என்றார். மாமியிடம் சொன்னபோது, "ஆடட்டுமேடி, டம்ளர்தானே" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ரத்தினம் பழைய சைலன்சரைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தான். "எனக்குத் தெரியும் சார், நீ வருவேன்னு" என்றானாம்.

அப்புறம் நெஞ்சில் கட்டுகிற காது மிஷின், ஸ்பெஷல் பள்ளிக்கூடம், கண்ணாடி முன்னால் உட்கார்ந்து வாயசைவு பழகுவது எல்லாம் நடந்தது. தொண்டையில் கையை வைத்து வைத்து, ஐந்து வயதில் "ம்மா" என்று ஒரு சத்தம் வந்தது. ஆனால் வீட்டுக்குள் அவள் சைகையில்தான் பேசுவாள். அப்பா என்றால் ஸ்டீயரிங் பிடிப்பது. மாமி என்றால் டம்ளரைக் கவிழ்ப்பது. அம்மா என்றால் ஆள்காட்டி விரலை ஆட்டி மிரட்டுவது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் கண்ட அம்மா அதுதான்.

எனக்குள் ஒரு குறை இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பொறாமை. காலையில் இவர்தான் என்னைப் பல்லாவரத்தில் இறக்கிவிடுவார். சாயங்காலம் நான் ரயிலில் பெருங்களத்தூர் வந்து, நடந்து வீட்டுக்கு வருவேன். பியூலா எழுதிக்கொண்டோ வரைந்துகொண்டோ இருப்பாள். நான் அவள் கண்ணெதிரில் போய் நிற்கும் வரை வந்தது தெரியாது. நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பாள், மறுபடி குனிந்துகொள்வாள். இரண்டு மணி நேரம் கழித்து இவர் வரும்போது பார்க்கவேண்டுமே. தெருமுனையிலேயே தெரிந்து, பென்சிலைப் போட்டு, செருப்புக்கூட இல்லாமல் ஓட்டம். வண்டியின் கைப்பிரேக் நிற்காது என்பதால், சக்கரத்துக்கு அடியில் வைக்கிற கல்லைத் தூக்கிக்கொண்டு கேட்டில் தயாராக நிற்பாள். அப்பா வருவது அவளுக்குத் தெரியும். நான் வருவது தெரியாது. மூன்று வீட்டுக்குக் கேட்கிற என் குரல், பெற்ற பெண் ஒருத்திக்கு மட்டும் எட்டவில்லை.

1994-ல் இவர் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வழுக்கி விழுந்து இடது காலை முறித்துக்கொண்டார். கிளட்ச் மிதிக்கிற கால். ஆறு வாரம் மாவுக்கட்டு. வண்டியைச் சும்மா நிறுத்தக்கூடாதே, பிளக் என்ன ஆவது! "நீ ஓட்டிப் பழகு ஹில்டா" என்றார். சனி ஞாயிறு ரத்தினம் வந்து வண்டியை எடுத்துப்போக, குரோம்பேட்டையில் அவன் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் பழகினேன். பழகினேன் என்று சொல்லக்கூடாது, போராடினேன். கிளட்சை விட்டால் துள்ளும், பிடித்தால் நிற்கும். இரண்டாவது கியருக்குத் தள்ளும்போது கர்ர்ர் என்று ஓர் அலறல். "மேடம், அது கியரு மேடம், பசங்க காது இல்ல, அப்டித் திருவாத" என்று ரத்தினம் தலையில் அடித்துக்கொள்வான். லைசென்ஸ் எப்படியோ வந்தது. ஆனால் நான் தனியாக ரோட்டில் எடுத்ததே இல்லை. வீட்டில் யாருக்கும் நான் ஓட்டுவதில் நம்பிக்கை இல்லை, எனக்கும் இல்லை. பியூலா நான் ஓட்டிப் பார்த்ததே கிடையாது.

மாவுக்கட்டுப் பிரிக்கிற அன்று ரத்தினம் வந்துதான் காரை ஓட்டினான். பியூலா மாமி வீட்டிலிருந்து கையாட்டினாள். ஆஸ்பத்திரியில், "எலும்பு சேர்ந்துடுச்சு, ஆனா இன்னும் ரெண்டு வாரம் காலை ஊனக்கூடாது" என்றார்கள். திரும்பும் வழியில் குரோம்பேட்டையில் ரத்தினத்துக்கு அவசரமாக ஒரு லாரி வேலை வந்து நின்றது. "நீயே எட்த்துகினு போ மேடம். நேர் ரோடுதானே, இன்னா பயம்?" என்று சாவியை என் கையில் வைத்தான். நான் இவரைப் பார்த்தேன். இவர் இடது பக்கத்து சீட்டில் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். பெல்ட்டை மாட்டியது எனக்கு ஆத்திரம்.

குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் வருவதற்குள் நாலு தடவை நின்றது. லாரிக்காரன் ஒருவன் என் குடும்பத்தையே இழுத்துத் திட்டினான், நானும் விடவில்லை. பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில், "டேய், நாப்பத்தேழுல லேடி டிரைவர்டா!" என்று விசில் பறந்தது. இவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, சிரிப்பையும் அடக்கிக்கொண்டு வந்தார். தெருமுனையில் இரண்டாவது கியர் போட்டேன். கர்ர்ர். வண்டி மூன்று துள்ளு துள்ளியது. எங்கள் கேட் எதிரில் பிரேக் போட, நின்றே போய்விட்டது.

பியூலா கேட்டில் நின்றுகொண்டிருந்தாள். கையில் கல். அவள் ஸ்டீயரிங் பிடித்துக் காட்டவில்லை. கல்லைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்த்து ஆள்காட்டி விரலை ஆட்டினாள்.

காரைப் பார்த்தபின் யாருக்கும் தெரியுமே என்று நினைத்தேன். அப்போதுதான் மாமி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். "ஏண்டி, இதென்ன அதிசயம்! சுவத்துல சாஞ்சுண்டு கணக்கு போட்டுண்டிருந்தா. டம்ளர் ஆடறதுக்குள்ள எழுந்துட்டா. என்னைப் பாத்து விரலை ஆட்டறா. 'உங்கம்மா எங்கடி ஓட்டறா, அந்த மெக்கானிக்னா ஓட்டிண்டு போனான்'னு நான் கைஜாடை காட்டறேன். கிடையவே கிடையாதுங்கறா. இதோ, இப்படி" என்று மாமி, எழுபது வயதில், கையை முன்னால் முரட்டுத்தனமாகத் தள்ளி, உடம்பை மூன்று தரம் உலுக்கிக் காட்டினாள். "அம்மாதான்னு வாயைத் திறந்து 'ம்மா'ன்னா. அப்புறம்தான் ஓடி வந்தா."

நான் இவர் பக்கம் திரும்பினேன். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே பார்த்தார். அவர் தோள் குலுங்கியது.

ஒன்பது வருஷம் கழித்து, தெருமுனையிலிருந்தே நான் வருவது என் மகளுக்குத் தெரிந்துவிட்டது. என் அவசரம், என் கோபம், என் முரட்டுக் கை, எல்லாம் அந்த வண்டி வழியாகப் போய் அவளுக்குக் கேட்டிருக்கிறது. அவள் கேட் கம்பியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, 'இன்னும்' என்று கேட்பதுபோல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறங்கலையா ஹில்டா?" என்றார் இவர்.

"பிளக்குல கரி பிடிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, நான் மறுபடி ஸ்டார்ட் பண்ணினேன்.